தடித்த எழுத்தும் தடித்த செருக்கும்

எழுத்திலே மேல் கீழ் உண்டாம்! நிமிர்ந்து, மெலிந்து, அடங்கி நிற்கும் எழுத்து நூலுக்குரியதாம், நூலோர்க்குரியதாம். தடித்துச் சாய்ந்து, வழியே போவோரின் கண்ணைக் கைப்பிடித்து இழுக்கும் எழுத்து கடைத்தெருவுக்குரியதாம். மருந்துப் புட்டிக்கும், மளிகைக் கடைப் பலகைக்கும், கூத்துக் கொட்டகைச் சுவரொட்டிக்கும் அது போதுமாம். கற்றோர் அதைக் கண்டால் முகம் சுளிக்க வேண்டுமாம். அச்சுக்கலையின் நயம் கண்டோர் என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்ட சிலர், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருநூறு ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகின்றனர். அங்கே சொன்னதை இங்கே திருப்பிச் சொல்வோருக்கும் குறைவில்லை. மக்களைத் தட்டு தட்டாய் அடுக்கியது போதாதென்று, எழுத்தையும் அடுக்கத் தொடங்கிவிட்டனர்!

நாள்தோறும் கரும்பலகையில் எழுத்தெழுதிப் பிழைப்பவன் நான். எழுத்து எனக்குத் தெய்வமுமல்ல, ஒட்டடை அடிக்க வேண்டிய பழம்பொருளுமல்ல. அது கருவி. கத்தியைப் போல, கலப்பையைப் போல, ஒரு வேலைக்கென்று மனிதன் செய்துகொண்ட கருவி. கலப்பையைப் பார்த்து, "நீ கத்தியைப் போல் மெல்லியதாக இல்லையே!" என்று எவனாவது ஏசினால் அவனை என்னவென்போம்? தடித்த சாய்வெழுத்தை ஏசுவோரையும் அவ்வாறே சொல்லவேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று, கலப்பையை எடுத்துக் காய் நறுக்கப் புகுவோனும் அறிவாளியல்லன். அவனைப் பற்றியும் பேசத்தான் போகிறேன். இகழ்வோரை முதலில் பார்ப்போம்.

சாய்வெழுத்தின் பிறப்பைக் கேளுங்கள். இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் அல்டஸ் மனூசியஸ் என்னும் பதிப்பாளர் இருந்தார். அவரிடம் அச்சு எழுத்துக்கு உருக்குமுனை செதுக்கியவர் பொலோஞா ஊரினரான பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலக் கற்றோர் விரைந்தெழுதிய கையெழுத்து வலப்புறம் சாய்ந்திருக்கும். அதை உலோகத்தில் வெட்டிக் காட்டினார் கிரிஃபோ. 1500ஆம் ஆண்டில் ஒரு நூலின் படத்திலே சில சொற்களாகத் தலைகாட்டிய அவ்வெழுத்து, 1501இல் வர்ஜிலின் பாடல்கள் முழுவதையும் தாங்கி வெளிவந்தது. பெரிய ஏட்டை மேசைமேல் விரித்துவைத்துப் படித்த காலம் போய், கையில் அடங்கும் சிறு நூலை ஏந்திப் படிக்கும் காலம் அந்த வரிசை நூல்களோடு வளர்ந்தது.

அப்படியானால் சாய்வெழுத்து எவருடையது? செதுக்கிய கை கிரிஃபோவின் கை. உரிமையோ அல்டஸுக்கு! வர்ஜில் நூலில் மூன்றே வரியில் கிரிஃபோவின் கைத்திறனைப் பாராட்டிவிட்டு, அந்த எழுத்தை வேறெவரும் பயன்படுத்தலாகாது என்று வெனிஸ் ஆட்சியிடமும் போப்பாண்டவரிடமும் தனியுரிமை பெற்றார் பதிப்பாளர். பாராட்டு தொழிலாளிக்கு, பயன் முதலாளிக்கு. இருவரும் பிரிந்தனர். பின்னர் கிரிஃபோவைத் தம்மிடம் வைத்துக்கொண்ட கெர்ஷோம் சொன்சீனோ என்ற அச்சாளர், 1503இல் ஃபானோ நகரில் வெளியிட்ட பெட்ரார்க் நூலின் முன்னுரையில், இவ்வெழுத்தின் புகழ் கிரிஃபோவுக்கே உரியது என்று எழுதினார். எழுதி என்ன? ஐரோப்பியர் அதை நாட்டின் பெயரால் 'இட்டாலிக்' என்றனர். பதிப்பாளரின் பெயரால் 'அல்டைன்' என்றனர். உளி பிடித்தவன் பெயரை ஊர் மறந்தது. இது அச்சகத்தில் மட்டும் நடக்கும் கதையா என்ன!

நயமறிந்தோர் உச்சிமேல் வைத்துக் கொண்டாடும் மெல்லிய சாய்வெழுத்தே விரைந்தோடும் கையின் எழுத்துத்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்க. அதற்குச் சதை வைத்தபோதுதான் அவர்களுக்குச் சினம் வந்தது.

சதை வைத்தது லண்டன் நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். ஆலைகள் எழும்பின, சரக்குகள் குவிந்தன, நாட்டுப்புறத்தை விட்டு நகருக்கு வந்த மக்கள் தெருக்களை நிறைத்தனர். விற்போர் பலர், வாங்குவோர் பலர், இருவருக்கும் இடையே சுவர். அந்தச் சுவரில் ஒட்டும் தாளுக்கு நூலெழுத்து போதுமா? நான்கடி தொலைவில் படிக்கச் செய்த எழுத்தை நாற்பதடி தொலைவில் நின்று எவன் படிப்பான்? அப்போது தோன்றியவைதாம் கொழுத்த எழுத்துகள். தண்டு மிகத் தடித்து, இணைக்கும் கோடு மயிரிழையாய் மெலிந்து, நிமிர்ந்தும் சாய்ந்தும் வார்க்கப்பட்டவை. ராபர்ட் தார்ன் என்ற எழுத்து வார்ப்பாளரின் பெயரோடு இணைத்து அவை பேசப்படுகின்றன. 1820இல் அவர் மறைந்தபின் அவருடைய ஃபேன் தெரு வார்ப்பகத்தை விலைக்கு வாங்கியவர் வில்லியம் தாரோகுட். பரிசுச்சீட்டில் கிடைத்த பணத்தில் வாங்கினார் என்று எழுதுகின்றனர். அந்நாளில் கொழுத்த எழுத்துகளை அள்ளி அள்ளிப் பயன்படுத்தியவையும் பரிசுச்சீட்டு விளம்பரங்களே! எழுத்து பரிசுச்சீட்டை விற்றது. பரிசுச்சீட்டு எழுத்தை வாங்கியது. 1826இல் இங்கிலாந்து அரசு அந்தப் பரிசுச்சீட்டையே ஒழித்துவிட்டது, எழுத்தோ ஒழியவில்லை.

உடனே கிளம்பினர் நயமறிந்தோர். தாமஸ் கர்சன் ஹான்சார்டு என்னும் அச்சாளர் 1825இல் வெளியிட்ட தம் பெரிய அச்சுக்கலை நூலில், இந்தக் கொழுத்த எழுத்துகளை அளவுகெட்டவை என்று கடிந்தார். தார்ன் மீதே பழியைச் சுமத்தினார். அவர் ஒருவரல்லர், அதன்பின் வந்த ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் அதே குரலில் பேசினார். நான் கேட்கிறேன்: அளவு என்பது எதனுடைய அளவு? மாளிகை நூலகத்தில் சாய்ந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்ணளவா? கூலி வாங்கிக்கொண்டு இருட்டும் வேளையில் வீடு திரும்புபவன், நடந்துகொண்டே சுவரைப் பார்க்கிறானே, அவனுடைய கண்ணளவா? எழுத்தின் அளவைக் குறிப்பது படிப்பவன் நிற்குமிடம். இந்தச் சிறு உண்மை பெரிய நூல் எழுதியவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த நிகழ்ச்சி இன்னும் சுவையானது. அதே ஃபேன் தெரு வார்ப்பகம், 1845இல், ராபர்ட் பெஸ்லியின் காலத்தில், கிளாரண்டன் என்ற எழுத்தை வெளியிட்டது. நூலெழுத்தின் நடுவே சில சொற்களை மட்டும் தடித்துக் காட்டுவதற்கென்றே செய்த எழுத்து அது. அகராதியைத் திறந்தால் தலைச்சொல் தடித்திருக்கிறதே, அந்த வழக்கத்தின் வேர் இத்தகைய எழுத்துகளில்தான் இருக்கிறது. ஆக, தெருவில் பிறந்த தடிப்பு கற்றோரின் அகராதிக்குள் குடிபுகுந்துவிட்டது. தெருவிலிருந்தபோது அநாகரிகம், அகராதிக்குள் வந்ததும் ஒழுங்கு. சேரியிலிருந்து வந்த இசையை அரங்கில் ஏற்றியபின் அதற்கு இலக்கணம் வகுப்பார்களே, அதே வித்தை!

இனி அமெரிக்காவுக்கு வருவோம். தடித்த சாய்வெழுத்து என்றால் இன்றும் எடுத்துக்காட்டாக நிற்கும் ஒன்று அங்கேதான் பிறந்தது. ஆஸ்வால்டு கூப்பர், 1879இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, கான்சாஸில் வளர்ந்து, சிகாகோ நகருக்கு ஓவியம் கற்க வந்தவர். அங்கே அவருக்கு எழுத்து வரையக் கற்பித்தவர் ஃபிரெடெரிக் கௌடி. பின்னாளில் அமெரிக்க அச்செழுத்துலகின் பெரும்பெயர். 1904இல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து விளம்பரங்களுக்கு எழுத்து வரையும் தொழிலைக் கூப்பர் நடத்தினார். பார்ன்ஹார்ட் சகோதரர்களும் ஸ்பிண்ட்லரும் நடத்திய வார்ப்பகம் அவருடைய கையெழுத்தை ஈயத்தில் வார்த்தது. 1922இல் கூப்பர் பிளாக் வெளிவந்தது; 1926இல் அதன் சாய்வு வடிவம்.

அந்த எழுத்தைக் கண்டிருப்பீர்கள், பெயர் தெரியாமலிருக்கலாம். கோணமே இல்லாத எழுத்து. ஒவ்வொரு முனையும் உருண்டு, மழுங்கி, மாவில் பிடித்து வைத்தாற்போல் இருக்கும். அடியும் முடியும் சற்றே வளைந்திருக்கும். சாய்வு வடிவமோ, பருத்த உடம்புக்காரன் ஒருவன் எதிர்பாராத வகையில் நன்றாக ஆடுவதைப்போல் இருக்கும்! இதிலே அழகு மட்டுமா, அறிவும் இருக்கிறது. கூரிய முனையுள்ள எழுத்து பலமுறை அச்சிட்டால் தேயும். தேய்ந்தது உடனே தெரியும். மழுங்கிய முனை தேய்ந்தால் எவருக்கும் தெரியாது. மட்டமான தாளில் மை பரவினால் மெல்லிய எழுத்து சிதையும், இது தாங்கும். சாய்வெழுத்துக்கென்று தனித்த துன்பம் ஒன்றுண்டு: சதுரமான ஈயக்கட்டையின் மேல் சாய்ந்த எழுத்தை வார்க்கும்போது அதன் நுனி கட்டைக்கு வெளியே தொங்கும், மெல்லிய நுனியாயின் எளிதில் ஒடியும். தடித்த உடல் அந்தத் துன்பத்தையும் குறைத்தது. சிற்றூரில் பழைய பொறியை வைத்துக்கொண்டு துண்டறிக்கை அடிக்கும் அச்சகத்தானுக்கு இதைவிட நண்பன் யார்?

தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும், கிட்டப்பார்வையுள்ள அவர்தம் வாடிக்கையாளருக்கும் செய்த எழுத்து இது என்று கூப்பரே வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவர். தம்மைத் தாமே நகையாடிக்கொள்ளத் தெரிந்த மனிதர். அவரை ஏசியவர்களுக்கு அந்த நகைச்சுவை வாய்க்கவில்லை. எங்கும் இதே கறுப்பு, எதிலும் இதே கறுப்பு என்று புலம்பினர். புலம்பலுக்கு நடுவே விற்பனை பெருகியது. போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? லட்லோ நிறுவனம் லட்லோ பிளாக் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மோனோடைப் நிறுவனம், "கூப்பரின் எழுத்தைப் போல் ஒன்று வேண்டும்" என்று கேட்டது, எவரிடம்? கௌடியிடம்! 1925இல் கௌடி ஹெவிஃபேஸ் வெளிவந்தது. மாணவன் வரைந்ததைப் போல் ஒன்று வரைந்து தருமாறு ஆசிரியரிடமே வேண்டினார்கள். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இதைப் படித்தபோது கௌடிமேல் இரக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. எத்தனை ஆசிரியருக்கு அப்படி ஒரு மாணவன் கிடைக்கிறான்?

கூப்பர் 1940இல் மறைந்தார். அவரது கறுப்பெழுத்து மறையவில்லை. 1966இல் பீச் பாய்ஸ் குழுவினரின் பெட் சவுண்ட்ஸ் இசைத்தட்டின் உறையில் ஏறியது. 1995இல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் பெயரும் அதே எழுத்தில்தான். ஏழைக்கேற்ற கட்டணம் என்று சொல்லிப் பறக்கவந்த விமானத்துக்கு அவ்வெழுத்தை எவரோ பொருத்தமறிந்துதான் எடுத்திருக்கிறார்.

இகழ்வோரின் வாதத்தில் வலுவானது ஒன்றுண்டு. அதை மறைத்துவிட்டு வெற்றிமுழக்கமிட நான் விரும்பவில்லை. 1930இல் லண்டனில் பியாட்ரிஸ் வார்டு என்னும் அம்மையார் அச்செழுத்தைப் பற்றி ஆற்றிய உரை புகழ்பெற்றது. நல்ல அச்செழுத்து தூய கண்ணாடிக் கிண்ணத்தைப் போன்றிருக்க வேண்டும். உள்ளிருக்கும் மதுவைக் காட்ட வேண்டுமேயன்றித் தன்னைக் காட்டிக்கொள்ளலாகாது. கருத்து தெரியவேண்டும், எழுத்து தெரியக்கூடாது. இதுவே அவர் கருத்தின் சாரம். நூலுக்கு இது முற்றும் பொருந்தும், நானும் ஒப்புகிறேன். முந்நூறு பக்க நாவலைத் தடித்த சாய்வெழுத்தில் அடித்துக் கொடுத்தால் மூன்றாம் பக்கத்திலேயே தலைவலி வந்துவிடும். ஆனால் நூல் தவிர வேறெதுவும் அச்சிடப்படாத உலகமா இது? கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டிப் பறை அறைய முடியுமா? பறை தன் ஓசையைக் காட்டாமல் சேதியை மட்டும் சொல்லுமா? "கூட்டம் இன்று மாலை" என்பதைச் சொல்ல வரும் எழுத்து, முதலில் "நில்!" என்று சொல்லவேண்டும். நிறுத்துவது எழுத்தின் வேலை. நின்றவனுக்குச் சேதி சொல்வது சொல்லின் வேலை. நிற்காதவனிடம் எவ்வளவு தூய சேதியைச் சொல்லி என்ன பயன்?

தடிப்பு குரலின் உரம். சாய்வு கையின் ஓட்டம். உரத்த குரலில் ஒருவர் அசையாமல் நின்று பேசினால் அது ஆணை. தடித்த நிமிர்ந்த எழுத்து ஆணையிடும், எச்சரிக்கும், "உள்ளே வராதே" என்னும். மெல்லிய குரலில் ஒருவர் சாய்ந்து பேசினால் அது காதோடு சொல்வது; மெல்லிய சாய்வெழுத்து மேற்கோளையும் அயற்சொல்லையும் அப்படித்தான் சொல்கிறது. உரத்த குரலும் ஓட்டமும் சேர்ந்தால்? அது அழைப்பு. சந்தையில், "வாங்க, வாங்க!" என்று கைநீட்டி அழைக்கும் குரல். ஆகவே தடித்த சாய்வெழுத்துக்குரிய இடம் இரண்டு மூன்று சொற்கள், மிஞ்சினால் ஐந்து. சுற்றிலும் வெற்றிடம் வேண்டும். கூவுபவனைச் சுற்றிக் கூட்டம் இடித்துக்கொண்டு நின்றால் அவன் கை எப்படி நீளும்? அருகே ஓர் அமைதியான எழுத்து வேண்டும், விளக்கம் சொல்ல. இரங்கற் செய்திக்கும் நீதிமன்ற அறிவிப்புக்கும் மருந்தின் அளவைக் குறிப்பதற்கும் அது ஆகவே ஆகாது. சாவு வீட்டில் கைநீட்டிக் கூவுவாருண்டோ!

இப்போது, கலப்பையால் காய் நறுக்குவோரிடம் வருகிறேன். அவர்கள் நம் நாட்டில், நம் மொழியில், மிகுந்துவிட்டார்கள்.

கணினியில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்று தடிக்கும், ஒன்று சாய்க்கும். எழுத்து வரைபவர் பல மாதம் உட்கார்ந்து செய்த வேலையை அரை நொடியில் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். திருமண அழைப்பிதழ் முழுவதும், மலிவு விற்பனை அறிக்கை முழுவதும், கோயில் விழா நிகழ்ச்சிநிரல் முழுவதும், மன்றத்தின் கண்டனத் தீர்மானம் முழுவதும் தடித்துச் சாய்ந்து கிடக்கின்றன. எல்லோரும் கூவுகிறார்கள், எவர் குரலும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஓர் அச்சகம் அடித்துத் தந்த அழைப்பிதழில் தலைப்பு, நாள், இடம், நன்றியுரை நவில்பவர் பெயர்வரை எல்லாம் அதே கோலம். "பெற்றோர் மனம் மகிழ வருக" என்ற வரியைப் படித்துவிட்டு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஐயா, யாருக்கு மணம்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் தாளை வாங்கிப் பார்த்தேன். பையன்மேல் குற்றமில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இது வெறும் அழகுப் பேச்சல்ல, படிப்புப் பேச்சு. தமிழ் எழுத்து பல இடங்களில் சுழியால் பொருளைப் பிரிக்கிறது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்றுதான் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சுழிக்கு நடுவே உள்ள வெள்ளைதான் எழுத்தின் கண். பொத்தானை அழுத்தித் தடிக்கும்போது கோடு உள்ளும் புறமும் வீங்குகிறது, கண் அடைபடுகிறது. மூன்று சுழியோ இரண்டு சுழியோ, எல்லாம் மைக்கட்டி. மனமும் மணமும் ஒன்றாகின்றன. பனியும் பணியும் ஒன்றாகின்றன. எகர ஏகார வேறுபாடு இன்னும் நுண்ணியது. கொம்பின் தலையிலே ஒரு சிறு சுழி, அவ்வளவுதான். நெடிலுக்குத் தனிக்குறி வேண்டுமென்று பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் அது. அந்தச் சுழியின் கண் அடைபட்டால் 'கேடு' என்பது 'கெடு' ஆகும். 'தேரு'க்கும் 'தெரு'வுக்கும் வேறுபாடு போகும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்த சீர்திருத்தத்தை ஒரு பொத்தான் அழித்துவிடுகிறது.

சாய்ப்பதன் தீங்கு வேறுவகை. பொறி எப்படிச் சாய்க்கிறது? அடிக்கோட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மேலே போகப்போக வலப்புறம் தள்ளுகிறது. ஐந்து பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு என்ற அளவில். எழுத்தின் உடல் கொஞ்சம் நகரும். அதன் தலைக்கு மேலிருக்கும் புள்ளி நிறைய நகரும். 'பக்கம்' என்று எழுதிச் சாய்த்துப் பாருங்கள். முதல் ககரத்தின் புள்ளி தன் எழுத்தை விட்டு அடுத்த ககரத்தின் பக்கம் எட்டிப் பார்க்கும். இகர ஈகார வளைவுகளும் அப்படியே அண்டை வீட்டுக் கூரைக்குள் நுழைகின்றன. 'ப'வும் 'ட'வும் நேர்கோட்டால் அமைந்த எழுத்துகள். சாய்த்தால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி போலாகின்றன. 'ற'வும் 'ஐ'யும் வளைவால் அமைந்தவை. அவை நசுங்கிய முட்டை.

ஐரோப்பிய எழுத்துக்கும் பொறி இழைத்த கொடுமை உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1886 முதல் செய்தித்தாள் அச்சகங்களில் புகுந்த லினோடைப் பொறியில், ஒரே வார்ப்பச்சில் நிமிர்ந்த எழுத்தும் அதன் சாய்ந்த அல்லது தடித்த எழுத்தும் இரட்டையாய் இருக்கும். இரண்டும் ஒரே அகலம் கொள்ளவேண்டும் என்பது பொறியின் கட்டாயம். இயல்பாய்க் குறுகலான சாய்வெழுத்து அதனால் கைகாலை அகட்டிக்கொண்டு நின்றது. ஆயினும் அங்கே ஒருவர் உட்கார்ந்து அதை வரைந்தார், பொறியோடு மல்லாடினார். உண்மையான சாய்வெழுத்து என்பது நிமிர்ந்த எழுத்தைத் தள்ளிவிட்டதல்ல. அதன் வடிவமே வேறு. ரோமன் எழுத்தில் 'ஏ' என்னும் முதல் சிற்றெழுத்து நிமிர்ந்து நிற்கையில் இரண்டு தளம் கொண்டிருக்கும். சாய்வில் ஒரே தளம் ஆகிவிடும். 'எஃப்' என்பதன் கால் பல சாய்வெழுத்துகளில் கோட்டுக்குக் கீழே இறங்கும். கையெழுத்தில் அப்படித்தான் எழுதினார்கள், ஆகவே அச்சிலும் அப்படி. தமிழுக்கு அந்த வேலையைச் செய்தவர் மிகச் சிலரே. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியே வரையப்படுவதே இல்லை; கணினி தானாகத் தள்ளிவிடுகிறது. தள்ளிவிடப்பட்டவனை "ஆடுகிறான்" என்று சொல்லிக் கைதட்டுகிறோம்!

ஓடும் உரைநடையின் நடுவே ஒரு சொல்லை அழுத்திக் காட்டச் சாய்வெழுத்து தமிழுக்குத் தேவையே இல்லை என்பதும் என் கருத்து. ஆங்கிலத்தில் எச்சொல்லை அழுத்துவது என்பதைக் குரல் காட்டும். தாளில் குரல் இல்லாததால் சாய்வெழுத்து காட்டுகிறது. தமிழிலோ அழுத்தத்தை மொழியே சுமக்கிறது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருள் கூறினார். அவற்றில் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. 'அவன் செய்தான்' என்பதில் அவனை அழுத்த வேண்டுமா? 'அவனே செய்தான்', 'அவன்தான் செய்தான்'. எழுத்தைச் சாய்க்காமல் சொல்லை நிமிர்த்திவிட்டோம். இத்தனை வளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கில நூலில் சாய்ந்திருக்கிறது என்பதற்காகத் தமிழ் நூலிலும் சொற்களைச் சாய்ப்பது இரவல் சட்டை போடுவது. அதுவும் அளவு பொருந்தாத சட்டை.

சுவரிலும் தலைப்பிலும் நிலைமை வேறு. அங்கே அழைப்பு வேண்டும். அழைக்கும் எழுத்தும் வேண்டும். தமிழுக்கு அது இல்லாமலும் இல்லை. வார இதழ்களின் கதைத் தலைப்புகளை ஓவியர்கள் தூரிகையால் எழுதிய காலம் இருந்தது. திரைப்பட விளம்பரத் தட்டிகளை ஆளுயர எழுத்தால் நிரப்பியவர்கள் இருந்தார்கள். தேர்தல் வந்தால் ஏணியும் வண்ண வாளியுமாய்ப் புறப்பட்டுச் சுவர்களில் தடித்தும் சாய்த்தும் எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் சாய்த்தபோது புள்ளி தன் எழுத்தின் தலைமேலேயே உட்கார்ந்தது. ஏனெனில் வைத்தது கை, பொறியல்ல. அவர்கள் தடித்தபோது ணகரத்தின் கண் மூடவில்லை. உள்வெள்ளைக்கு இடம் விட்டுப் புறத்தே தடித்தார்கள். எழுத்திலக்கணம் கற்ற அறிஞர் கூட்டம் அல்ல அது. பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். நெகிழித் தட்டி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தூரிகையைக் கீழே வைத்தார்கள். அவர்கள் கண்ட வடிவங்களை எழுத்துருவாக்கிக் காக்கவேண்டும் என்று சொன்னால், "அது சுவரெழுத்துத்தானே" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஹான்சார்டு பேசியதும் இதே பேச்சு.

தமிழ் எழுத்தைத் தொடக்கூடாது, திருத்தக்கூடாது, அது பழையது, புனிதமானது என்று கூறுவோர் இங்கே குறுக்கிடுவர். 1935இல் தந்தை பெரியார் குடி அரசு இதழில் எழுத்துத் திருத்தத்தைக் கையாளத் தொடங்கியபோதும் இதையே கூறினர். ணகர றகர னகரங்களின் ஆகாரத்துக்கும், சில எழுத்துகளின் ஐகாரத்துக்கும் இருந்த தனித்த வடிவங்களை நீக்கி, எல்லா எழுத்துக்கும் ஒரே குறி என்றார் அவர். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் அறை குறையும், குழந்தையின் நினைவில் சுமை குறையும் என்பதே காரணம். 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. நாற்பத்து மூன்று ஆண்டு பிடித்தது! இன்றைய குழந்தை அந்தப் பழைய வடிவங்களைக் கண்டால், "இது என்ன எழுத்து?" என்று கேட்கிறது. தமிழ் அழிந்துவிடவில்லை. படிப்பவனின் கண்ணை அளவுகோலாக வைத்து எழுத்தை மாற்றலாம் என்பதை ஒப்புக்கொண்ட மொழி இது. தலைப்பெழுத்தைப் புதிதாக வரைவதற்கு மட்டும் எதற்குத் தயக்கம்?

வரையட்டும். கணினித்தமிழுக்கென்று பணம் ஒதுக்கப்படுகிறது. எழுத்துருப் போட்டிகள் நடக்கின்றன. ஓவியக் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழுக்கென்றே வரைந்த தடித்த சாய்வெழுத்துக்கு அவற்றிலிருந்து ஒரு பங்கு ஒதுக்கட்டும். புள்ளியைச் சாய்க்காமல் எழுத்தின் நடுத்தலையில் நிறுத்தட்டும். ஏகாரக் கொம்பின் சுழியை, தடித்த வடிவத்தில் வழக்கத்தைவிடப் பெரிதாக்கட்டும். ணகரத்துக்கு அகலம் கூடினால் கூடட்டும். மூன்று சுழிக்கு மூன்று கண் வேண்டும். 'ட'வின் மூலையைச் சுவரெழுத்தர் எப்படி வளைத்தார் என்று போய்ப் பார்க்கட்டும். வரைந்து முடித்தபின் நூற்றுக்கணக்கான ஆறாம் வகுப்புக் குழந்தைகள் முன்னே பத்தடி தொலைவில் பிடித்து, 'மனம்' எது, 'மணம்' எது என்று கேட்டுப் பார்க்கட்டும்; பரிசு கொடுக்கும் நடுவர் குழு அதற்குப் பின் கூடினால் போதும். சிற்றூர்களில் ஏணியும் வாளியும் இன்னும் வைத்திருக்கும் சுவரெழுத்தர்கள் சிலர் இருக்கிறார்கள்; அவர்களுக்கு வயதாகிறது. எழுத்துருவுக்கு அவர்களில் ஒருவரின் பெயரையே சூட்டலாம். அவர் கையெழுத்தை வாங்க, தாளும் தூரிகையும் எடுத்துக்கொண்டு இதுவரை எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் போனார்கள்?